ஒரு ஸ்டாரும் நாலு கெட்ட வார்த்தையும்: பதிலா, முறையீடா, மௌனமா, வக்கீலா?

"தம்பி, ஒருத்தன் கடையைப் பத்தி அசிங்க அசிங்கமா எழுதியிருக்கான். பதில் போடட்டுமா, இல்ல ஸ்டேஷனுக்கே போயிடட்டுமா?"

எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா இரவு பத்தரை மணிக்கு அனுப்பிய வாட்ஸ்அப் இது. இதே கேள்வியைப் போன மாதம் ஒரு டூவீலர் மெக்கானிக் கேட்டார், அதற்கு முன்னால் வீட்டிலேயே கேக் செய்து விற்கும் ஒரு கல்லூரிப் பெண் கேட்டாள். என்னிடம் ஏன் வருகிறார்கள் என்றால், ஈரோட்டில் மதியச் சாப்பாட்டு மெஸ் நடத்தும் நான் கூகுள் மேப்பில் வாங்காத திட்டு கிடையாது, அதில் பாதிக்குத் தப்பாகப் பதில் எழுதி மாட்டிக்கொண்டதும் இவர்களுக்குத் தெரியும்.

வழிகள் ஐந்துதான். பதில் எழுதலாம், எடுக்கச் சொல்லி கூகுளிடம் முறையிடலாம், கண்டுகொள்ளாமல் விடலாம், நல்ல ஸ்டார்களைக் கொட்டி மூடலாம், சட்டத்திடம் போகலாம். கோபத்தில் இருக்கும்போது ஐந்தையும் ஒரே ராத்திரியில் செய்யத் தோன்றும். அதனால் முதலில் எதை வைத்து எடைபோடுவது என்று பார்த்துவிடலாம்.

## எதை வைத்து முடிவு செய்வது

உள்ளே புகார் இருக்கிறதா? கெட்ட வார்த்தைகளை எல்லாம் மனதுக்குள் அடித்துவிட்டு மீதியைப் படியுங்கள். "ஜாக்கெட் கை இறுக்கம், சொன்ன தேதிக்குத் தரலை" என்று ஏதாவது மிஞ்சினால் அது கோபத்தோடு வந்த புகார். ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் அது வெறும் வசவு. இரண்டையும் ஒரே குப்பைக்கூடையில் போடுவதுதான் நாம் எல்லோரும் செய்யும் தப்பு, நானும் செய்தேன்.

யார் படிக்கப் போகிறார்கள்? திட்டியவர் திட்டிவிட்டுப் போய்விட்டார். இனிமேல் அதைப் படிக்கப் போவது பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு "பக்கத்தில் நல்ல சாப்பாடு" என்று தேடும் ஒரு ஆள். அவருக்கு உங்களையும் தெரியாது, திட்டியவரையும் தெரியாது.

செய்தபின் திரும்பப் பெற முடியுமா? எழுதிய பதிலைத் திருத்தலாம், அழிக்கலாம். ஆனால் நீங்கள் பதில் போட்டதும் எழுதியவருக்கு அறிவிப்பு போய்விடும், அவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டால் அப்புறம் அழித்து என்ன பயன்?

நேரம், பணம், தூக்கம். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. என் மனைவி எடுப்பாள்.

ஆபத்து உண்டா? உயிருக்கு மிரட்டல், பெண்களைப் பற்றி ஆபாசம், சாதி பெயர் சொல்லித் திட்டுவது, வீட்டு முகவரியையோ குழந்தை படிக்கும் பள்ளியையோ எழுதுவது, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் மற்ற நாலு வழிகளையும் மறந்துவிட்டு நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

இன்னொரு சின்னக் கணக்கு. ஒரு ஸ்டார் விழுந்தால் எவ்வளவு அடி என்பது உங்களிடம் ஏற்கெனவே எத்தனை மதிப்புரை இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சராசரி 4.5-ல் 8 மதிப்புரை இருக்கும் கடைக்கு ஒரு ஸ்டார் ஒன்று விழுந்தால் 4.1-க்கு இறங்கிவிடும். 40 இருந்தால் 4.4. 400 இருந்தால் 4.5 அப்படியே நிற்கும். கேக் விற்கும் பெண்ணுக்கு அன்று அழுகை வந்ததும், பெரிய ஓட்டல்காரர் கண்டுகொள்ளாமல் தோசை ஊற்றிக்கொண்டிருப்பதும் இதனால்தான்.

| வழி | வெளியே தெரியாத செலவு | திரும்பப் பெறலாமா | பொருந்தும் இடம் |
|---|---|---|---|
| பதில் | தூக்கம், வாய்த்துடுக்கு | பாதி | புகார் உள்ளே இருக்கும்போது |
| முறையீடு | காத்திருப்பு | ஆம் | வெறும் வசவு, போட்டியாளர், வராத ஆள் |
| மௌனம் | வீட்டில் இருப்பவர்களின் மனம் | ஆம் | சொல் இல்லாத ஒரு ஸ்டார் |
| கொட்டி மூடுவது | பக்கத்தின் மீதான நம்பிக்கையே | இல்லை | பொருந்தாது |
| சட்டம் | பணம், மாதங்கள், ஊர் பேச்சு | கஷ்டம் | மிரட்டல், ஆபாசம், சாதி வசவு |

## பதில் எழுதுவது

மூன்று வருடத்துக்கு முன் ஒருவர் எழுதினார்: "சாம்பாரா அது, கை கழுவின தண்ணி. கல்லாவுல உக்காந்திருக்கிறவன் மூஞ்சியப் பாத்தாலே பசி போயிடும்." நடுவில் வந்த இரண்டு சொற்களை இங்கே எழுத முடியாது. கல்லாவில் உட்கார்ந்திருந்தது நான்தான்.

அன்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நாலு பத்தி பதில் எழுதினேன். தினமும் இத்தனை பேர் சாப்பிடுகிறார்கள், யாருக்கும் இல்லாத குறை உங்களுக்கு மட்டும் எப்படி வந்தது, நீங்கள் வந்ததே மூடப்போகும் நேரத்தில், அதிலும் ரசம் மட்டும் மூன்று தடவை கேட்டு வாங்கினீர்கள் என்றெல்லாம். எழுதி முடித்ததும் ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. இரண்டு நாளில் எங்கள் பக்கமே வந்திராத மூன்று பேர் வரிசையாக ஒரு ஸ்டார் போட்டார்கள், அவருடைய நண்பர்கள் போல. அதைவிட வலித்தது, தினமும் சாப்பிட வரும் ஒரு பேங்க் ஊழியர் சிரித்துக்கொண்டே கேட்டது: "ஏனுங்க, யார் எத்தனை தடவை ரசம் வாங்கறாங்கன்னு எண்ணிட்டா இருக்கறீங்க?" அதற்கப்புறம் ஒரு வாரம் அவர் ரசமே கேட்கவில்லை.

பிறகுதான் கெட்ட வார்த்தையை அடித்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். சாம்பார் தண்ணி. மாஸ்டரைக் கூப்பிட்டுக் கேட்டால், இரண்டரை மணிக்கு மேல் கூட்டம் இருந்தால் வெந்நீர் சேர்த்துச் சமாளிப்பது வழக்கம் என்கிறார், அதுவும் எனக்குத் தெரியாமல் பல மாதமாக. பழைய பதிலை அழித்துவிட்டு மூன்று வரி எழுதினேன்:

"வணக்கம். இரண்டரை மணிக்கு மேல் சாம்பார் நீர்த்துப்போனது உண்மை, விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இப்போது கடைசிப் பந்திக்குத் தனியாக வைக்கிறோம். கல்லாவில் நான் நடந்துகொண்ட விதத்துக்கு வருந்துகிறேன்."

வசவைப் பற்றி ஒரு சொல் இல்லை, கவனியுங்கள். அந்த ஆள் தன் ஒரு ஸ்டாரை மாற்றவே இல்லை, இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அதன் கீழே என் மூன்று வரியும் இருக்கிறது, நான் எழுதியது அந்த பஸ் ஸ்டாண்டு ஆளுக்கு.

பதில் எழுதுவதால் பலன் உண்டா என்பதை ஆராய்ந்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநில ஓட்டல்களை டிரிப்அட்வைசர் தளத்தில் வைத்துப் பார்த்த ஒரு ஆய்வில், நிர்வாகம் பதில் எழுதத் தொடங்கிய பிறகு மதிப்புரைகளின் எண்ணிக்கை 12 சதவீதமும் சராசரி 0.12 ஸ்டாரும் கூடியது தெரிந்தது. அதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு: குறை சொல்பவர்கள் எண்ணிக்கையில் குறைந்தார்கள், ஆனால் சொன்னவர்கள் நீளமாகவும் விவரமாகவும் எழுதினார்கள். ஓனர் படிக்கிறார் என்று தெரிந்தால் "த்தூ" என்று மட்டும் எழுதிவிட்டுப் போக யாருக்கும் அவ்வளவு மனம் வராது போல.

கோபமாகப் பதில் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கும் உலகறிந்த உதாரணம் உண்டு. 2013-ல் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு பேக்கரி, தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் காட்டப்பட்ட பிறகு ஃபேஸ்புக்கில் வந்து விழுந்த கிண்டலுக்கெல்லாம் அதன் கணக்கிலிருந்தே சவால் விட்டுத் திட்டிப் பதில்கள் வந்தன, பிறகு கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்றார்கள் உரிமையாளர்கள். அந்தப் பேக்கரியின் கேக் எப்படி இருந்தது என்று யாருக்கும் நினைவில்லை, அந்தப் பதில்கள் நினைவில் இருக்கின்றன.

இதில் மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. ஒன்று, கூகுள்பே-யிலோ பார்சல் ஆர்டரிலோ கிடைத்த நம்பரை எடுத்து, எழுதியவருக்கே போன் போடுவது. நம் ஊரில் இது சர்வ சாதாரணம், நல்ல எண்ணத்தில்தான் செய்கிறோம். ஆனால் அந்தப் பக்கம் இருப்பவருக்கு, அதுவும் பெண்ணாக இருந்தால், "என் நம்பர் இவனுக்கு எப்படிக் கிடைத்தது" என்பதுதான் முதலில் தோன்றும். செய்யாதீர்கள். இரண்டு, "அடுத்த தடவை வாங்க, சாப்பாடு ஃப்ரீ" என்று பொதுவில் எழுதுவது. கத்தினால் இலவசம் என்று நீங்களே போர்டு மாட்டுகிறீர்கள். மூன்று, பில்லையும் சிசிடிவி படத்தையும் போட்டு நிரூபிக்கப் பார்ப்பது. நிரூபித்தும் விடுவீர்கள், கூடவே இந்தக் கடையில் சாப்பிட்டால் நம் முகமும் ஒருநாள் வெளியே வரும் என்பதையும்.

## எடுக்கச் சொல்லி முறையிடுவது

பலருக்கு இது தெரியாது: கடைக்காரரால் மதிப்புரையை அழிக்க முடியாது, மதிப்புரை வசதியையே மூடி வைக்கவும் முடியாது. கூகுளிடம் சொல்லத்தான் முடியும், அவர்களும் விதியை மீறியிருந்தால் மட்டும்தான் எடுப்பார்கள். கெட்ட வார்த்தை, வெறுப்புப் பேச்சு, தொந்தரவு, அந்தரங்கத் தகவல், கடைக்குச் சம்பந்தமில்லாத பேச்சு, விளம்பரம், போட்டியாளர் எழுதியது ஆகியவை அந்தப் பட்டியலில் வரும். "சாம்பார் தண்ணியாக இல்லை, அவர் பொய் சொல்கிறார்" என்பது வராது. கடைக்காரர் சொல்வது உண்மையா, வாடிக்கையாளர் சொல்வது உண்மையா என்ற பஞ்சாயத்துக்குள் கூகுள் போவதில்லை.

முறையிடும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள், எழுதியவரின் பெயரும் தேதியும் தெரியும்படி. முடிவு வரச் சில நாட்கள் ஆகும், மறுத்துவிட்டால் ஒரு தடவை மேல்முறையீடு செய்யலாம். சரியான காரணத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் முக்கியம், சொந்தக்காரர்கள் இருபது பேரைக் கூப்பிட்டுப் பட்டனை அழுத்தச் சொல்வது அல்ல.

இதன் சிக்கல், புகாரும் வசவும் ஒன்றாகக் கலந்து வரும்போதுதான் தெரியும். மெக்கானிக் நண்பருக்கு அதுதான் நடந்தது. "பிரேக் ஷூ மாத்தினேன்னு காசு வாங்கிட்டு பழசையே போட்டிருக்கான்" என்று தொடங்கி அம்மாவில் போய் முடிந்த ஒரு மதிப்புரை. முறையிட்டார், போய்விட்டது. எழுதியவர் ஒரு வாரம் கழித்து கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லாமல், சுத்தமாக, பழைய பிரேக் ஷூவின் படத்தோடு மறுபடி எழுதினார், "உண்மையைச் சொன்னதற்கு அழித்துவிட்டார்கள்" என்று ஒரு வரியும் சேர்த்து. இப்போது எடுக்கச் சொல்லக் காரணமே இல்லை. முதல் தடவையே பிரேக் ஷூவுக்குப் பதில் சொல்லியிருக்கலாம்.

எனவே வெறும் வசவுக்கு முறையீடு சிறந்த வழி. கலவையாக வந்தால் முதலில் புகாருக்குப் பதில், அப்புறம் வசவுக்கு முறையீடு.

ஒரே நாளில் பத்து ஒரு ஸ்டார் விழுந்து, அடுத்த நாள் வாட்ஸ்அப்பில் யாரோ "பணம் கொடுத்தால் எடுத்துவிடுகிறேன்" என்று வந்தால் அது மிரட்டிப் பணம் பறிக்கும் வேலை. பணம் கொடுக்காதீர்கள், அந்தச் செய்திகளையும் அழிக்காதீர்கள். இந்த மாதிரிப் பறிப்பைச் சொல்ல கூகுளிலேயே தனிப் படிவம் இருக்கிறது.

## கண்டுகொள்ளாமல் விடுவது

சொல்லே இல்லாமல் விழும் ஒரு ஸ்டாருக்கு இதுதான் சரி. அதற்கு என்னவென்று பதில் எழுதுவது? "என்ன குறை என்று சொன்னால் திருத்திக்கொள்கிறோம்" என்று ஒரு தடவை எழுதலாம், அதோடு விட்டுவிட வேண்டும். கூகுளிடம் முறையிட்டுவிட்டுக் காத்திருக்கும் நாட்களிலும் மௌனம்தான்.

புகார் உள்ளே இருக்கும்போது மௌனம் என்பது ஒப்புக்கொண்ட மாதிரி. இன்னொரு செலவையும் சொல்ல வேண்டும்: நீங்கள் கண்டுகொள்ளாமல் இருக்கலாம், வீட்டில் இருப்பவர்கள் இருப்பார்களா? என் மகன் பத்தாவது படிக்கும்போது என்னைப் பற்றி எழுதியதை எல்லாம் படித்திருக்கிறான், அது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. விடுவது என்று முடிவு செய்தால் வீட்டிலும் சொல்லிவிடுங்கள்.

## நல்ல ஸ்டார்களைக் கொட்டி மூடுவது

மச்சான், மச்சினிச்சி, சம்பந்தி வீடு எல்லோரிடமும் ஐந்து ஸ்டார் கேட்பது, அல்லது "மாதம் இவ்வளவு கொடுத்தால் 50 ரிவ்யூ" என்று வரும் ஆளிடம் வாங்குவது. மேலே சொன்ன கணக்கைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும், எட்டு மதிப்புரை வைத்திருப்பவருக்கு இன்னும் அதிகமாக வரும்.

போலி மதிப்புரை கூகுள் விதிக்கு எதிரானது. தள்ளுபடி கொடுத்து எழுதச் சொல்வதும் விதிமீறல்தான், சந்தோஷமாகப் போகிறவர்களை மட்டும் பொறுக்கிக் கேட்பதும் விதிமீறல்தான் என்பது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். மாட்டினால், ஏற்கெனவே இருக்கும் மதிப்புரைகளைக் கூகுள் மறைக்கலாம், சில காலத்துக்குப் புதிதாக வராமல் நிறுத்தலாம். 2022-ல் இந்தியத் தர நிர்ணய அமைப்பும் ஆன்லைன் மதிப்புரைகளுக்கென்று ஐஎஸ் 19000 என்ற தரத்தை வெளியிட்டது. அதெல்லாம் போகட்டும், "அருமை", "சூப்பர் சாப்பாடு", "சூப்பர்" என்று ஒரே வாரத்தில் இருபது வந்தால் படிக்கிறவருக்கே தெரியாதா?

நேர்மையான வடிவம் ஒன்று உண்டு: கல்லாவுக்குப் பக்கத்தில் கியூஆர் அட்டை வைத்து, வருகிற எல்லோரிடமும், முகம் சுளித்துப் போகிறவரிடமும், எழுதச் சொல்வது. மெதுவாகத்தான் ஏறும். வசவு விழுந்த அன்றைக்குத் தொடங்க வேண்டிய வேலை அல்ல, கடை திறந்த அன்றைக்குத் தொடங்க வேண்டியது.

## சட்டத்திடம் போவது

முதலில் ஒரு பழைய நம்பிக்கையை விட்டுவிடலாம். "ஆன்லைனில் திட்டினால் 66ஏ-ல் உள்ளே தள்ளலாம்" என்று இன்றும் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்றே ரத்து செய்துவிட்டது.

மிச்சம் இருப்பது அவதூறு. 2024 ஜூலை 1 முதல், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு, தண்டனை இரண்டு வருடம் வரை. கேட்கப் பெரிதாக இருக்கிறது, ஆனால் இதற்கு போலீஸ் நேரடியாக எஃப்ஐஆர் போட முடியாது, மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகாராகப் போக வேண்டும். ஸ்டேஷனில் எஃப்ஐஆர் போடாமல், புகாரை வாங்கிக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது மட்டும் கொடுத்து அனுப்பினால் அதற்கு இதுதான் காரணம், அவர்கள் சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம். இழப்பீடு கேட்டு சிவில் வழக்கு போடலாம், ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் நோட்டீஸ் செலவு, வாய்தா, கடையைப் பூட்டிவிட்டு கோர்ட்டு வாசலில் நிற்கும் நாட்கள் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள், சாம்பார் தண்ணி என்று சொன்னதற்கு.

இதைவிடப் பெரிய செலவு விளம்பரம். அமெரிக்கப் பாடகி பார்ப்ரா ஸ்ட்ரைசண்ட் 2003-ல், தன் கடற்கரை வீடு தெரியும் ஒரு படத்தை இணையத்திலிருந்து எடுக்கச் சொல்லி 5 கோடி டாலருக்கு வழக்கு போட்டார். அதற்கு முன் அந்தப் படத்தை ஆறே தடவைதான் இறக்கியிருந்தார்கள், அதிலும் இரண்டு அவருடைய வக்கீல்கள். வழக்கு செய்தியானதும் ஒரே மாதத்தில் 4 லட்சத்துக்கு மேல் பார்வைகள். வழக்கும் தள்ளுபடி. உங்கள் நோட்டீஸை வாங்கியவர் அதைப் படம் எடுத்துப் போட்டால், இதுவரை நாற்பது பேர் பார்த்த திட்டை ஊரே பார்க்கும்.

ஆனால் மிரட்டல், ஆபாசம், சாதி வசவு வேறு கணக்கு. மிரட்டலுக்கு அதே சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவு, பெண்ணை இழிவுபடுத்தும் சொல்லுக்கு அதன் 79, ஆபாசத்துக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் சாதி சொல்லித் திட்டினால் 1989-ஆம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம். 1930 என்ற எண் முக்கியமாகப் பண மோசடிக்கு, அதனால் இதற்குத் தளத்தில் பதிவதோ நேரில் போவதோதான் சரி. இங்கே செலவு பார்க்கக் கூடாது, பதிலும் எழுதக் கூடாது, ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் முன் முறையிட்டு எடுக்க வைக்கவும் கூடாது.

தையல் கடை அக்காவுக்கு வந்ததை முழுதாக வாங்கிப் படித்தபோது அதில் மூன்றும் இருந்தன. ஜாக்கெட் கை இறுக்கம் என்ற புகார் இருந்தது. அக்காவைப் பற்றி எழுதக் கூசும் இரண்டு வரி இருந்தது. கடைசியில் "நீ ராத்திரி எத்தனை மணிக்குக் கடை சாத்தறேன்னு எனக்குத் தெரியும்" என்று ஒரு வரி. அக்கா நடுவில் இருந்த இரண்டு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்து அழுதுகொண்டிருந்தார், கடைசி வரி அவர் கண்ணிலேயே படவில்லை. பதில் எதுவும் போடாதீங்க அக்கா, காலையில ஸ்டேஷனுக்குப் போலாம், நானும் வரேன் என்று அனுப்பினேன். அந்த வாரம் முழுக்க அக்கா எட்டு மணிக்குச் சாத்தும் கடையை ஆறரைக்கே சாத்தினார், எதிர்க் கடைக்காரர் தெருமுனை வரை கூடவே நடந்து வந்தார்.